பணி முடிந்த பிறகு போலீஸ்காரர் வேறு வேலை செய்யலாமா? விதி சொல்வது என்ன

ஈப்போ: போலீஸ்காரர் ஒருவர் பணி முடிந்த பிறகு கிராப் ஓட்டலாமா? மனைவி நடத்தும் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காரலாமா? கல்யாண மண்டபத்தில் இரவு முழுக்கக் காவலுக்கு நின்று பணம் வாங்கலாமா?

புந்தோங், சிலிபின், குனோங் ராப்பாட் வட்டாரத்திலும், சுங்கை சிப்புட், செம்மோர், பாகான் செராய் பக்கத்துப் பழைய தோட்டக் குடும்பங்களிலும் பிள்ளைகள் போலீசில் சேர்ந்த வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் இந்தக் கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. “பணி நேரம் முடிந்தால் அவன் நேரம் அவனுக்குத்தானே” என்று சிலர் சொல்கிறார்கள். “அரசாங்க ஆள் வெளியில் ஒரு காசும் சம்பாதிக்கக்கூடாது” என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே முழு உண்மை அல்ல. அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. அனுமதி கேட்டால் சிலவற்றைச் செய்யலாம். விதியின் சுருக்கம் இதுதான்.

எந்த விதி?

அரசாங்க ஊழியர்களின் நடத்தையையும் கட்டொழுங்கையும் வரையறுப்பது 1993-ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் (நடத்தை, கட்டொழுங்கு) விதிமுறைகள். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 132-ஆவது பிரிவின் கீழ் இவை இயற்றப்பட்டன. பொதுச் சேவைகள் எவை என்று அந்தப் பிரிவு தரும் பட்டியலில் போலீஸ் படையும் இடம்பெற்றுள்ளது. போலீஸ்காரர்கள் மீதான கட்டொழுங்கு வழக்குகள் பலவும் இந்த விதிமுறைகளின் கீழேயே நடந்துள்ளன.

வெளிவேலையைப் பற்றிப் பேசுவது விதிமுறை 5. அது தடுப்பவை நான்கு.

முதலாவது, வாணிபம், விவசாயம், தொழில்துறை சார்ந்த எந்த நிறுவனத்தின் நிர்வாகத்திலும் நடவடிக்கையிலும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கெடுப்பது. இரண்டாவது, எந்த நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் தனி ஆளுக்கும் ஊதியம் பெற்று வேலை செய்வது. மூன்றாவது, நிபுணர் என்ற முறையில் அறிக்கை தருவது, சாட்சி சொல்வது. இதை இலவசமாகச் செய்தாலும் தடைதான். நான்காவது, இறந்தவரின் சொத்துக்கு நிர்வாகியாக இருப்பது போன்ற பொறுப்புகள்.

முதல் தடையில் உள்ள ‘மறைமுகமாக’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். “லைசென்ஸ் என் பேரில் இல்லை, மனைவி பேரில்தான் இருக்கிறது” என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். மனைவி சொந்தமாகத் தொழில் செய்வதில் தவறில்லை. ஆனால் கடையில் சரக்கு எடுப்பதும், ஆட்களை வேலைக்கு வைப்பதும், கணக்குப் பார்ப்பதும் கணவர் என்றால், பதிவுப் பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் கேள்வி கணவரை நோக்கித்தான் வரும்.

அனுமதி எப்படி?

அதே விதிமுறை 5 ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. இலாகாத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதியை முன்கூட்டியே பெற்றால், மேலே சொன்ன வேலைகளைச் செய்யலாம். தன் நன்மைக்காகவோ, நெருங்கிய உறவினரின் நன்மைக்காகவோ, தான் பொறுப்பாளராக இருக்கும் இலாப நோக்கமற்ற அமைப்பின் நன்மைக்காகவோ அது இருக்கலாம்.

இங்கே முக்கியமானவை இரண்டு. அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே கிடைத்திருக்க வேண்டும். “சார்ஜனுக்குத் தெரியும்”, “ஸ்டேஷனில் எல்லாருக்கும் தெரியும்” என்பதெல்லாம் அனுமதி ஆகாது.

அனுமதி தரும் முன் இலாகாத் தலைவர் மூன்று விஷயங்களை உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த வேலை அலுவலக நேரத்திலோ பணிக்கு அழைக்கப்படும் நேரத்திலோ நடக்கக்கூடாது. அது அதிகாரியின் பணித்திறனைக் குறைக்கக்கூடாது. இலாகாவின் நலனுக்கு எதிராகவோ, பொது அதிகாரி என்ற நிலைக்குப் பொருந்தாமலோ இருக்கக்கூடாது.

சம்பாதித்த பணத்துக்கும் விதி உண்டு. அரசாங்கம் வேறுவிதமாக அனுமதித்தாலன்றி, இத்தகைய வேலையில் கிடைத்த ஊதியத்தைக் கூட்டரசு அரசாங்கத்திடம் கட்டிவைக்க வேண்டும். அதில் எவ்வளவை அதிகாரி வைத்துக்கொள்ளலாம் என்பதை அரசாங்கம் முடிவு செய்யும். ஆகவே விண்ணப்பம் எழுதும்போதே எந்த வேலை, யாரிடம், எந்த நாள்களில், எத்தனை மணி நேரம், எவ்வளவு ஊதியம் என்று தெளிவாகக் குறிப்பிட்டு, பணத்தைப் பற்றியும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

போலீசுக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு?

ஒரு குமாஸ்தா வார இறுதியில் ரோஜாக் விற்றால் யாருக்கும் அச்சம் வராது. போலீஸ்காரரிடம் கைது செய்யும் அதிகாரமும் துப்பாக்கியும் அதிகார அட்டையும் இருக்கின்றன. சீருடையைக் கழற்றினாலும் அவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். மேலும் அவர் ஷிப்டில் வேலை செய்பவர். திடீரென்று பணிக்கு அழைக்கப்படலாம். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுக் காலையில் ரோந்துக் காரில் ஏறினால், ஆபத்து அவருக்கு மட்டும் அல்ல.

சீருடையின் மதிப்பு யாருக்குச் சொந்தம் என்பதைத் தெளிவாக்கிய பழைய வழக்கு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கெய்ரோவில் இருந்த ரீடிங் என்ற பிரிட்டிஷ் இராணுவ சார்ஜன், கள்ளச் சாராயம் ஏற்றிய லாரிகளில் சீருடையோடு ஏறி உட்காருவார். சீருடையைப் பார்த்தால் சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்த மாட்டார்கள். அவர் செய்த வேலை அவ்வளவுதான். அதற்குக் கிடைத்தது ஏறக்குறைய 20,000 பவுன். இராணுவம் பணத்தைப் பறிமுதல் செய்ததும், திருப்பித் தரக் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1951-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அவர் கோரிக்கையைத் தள்ளியது. அந்தப் பணத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது சீருடையும் பதவியும்தான். ஆகவே அது அரசுக்கே சேரும் என்பது தீர்ப்பின் சாரம். அது பணி நேரமா இல்லையா என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

எல்லா நாட்டிலும் ஒரே நடைமுறை இல்லை. அமெரிக்காவின் பல நகரங்களில் போலீஸ்காரர்கள் பணி முடிந்த பிறகு சீருடையிலேயே கடைகளுக்கும் விழாக்களுக்கும் காவல் நின்று கட்டணம் வாங்கலாம். அதனால் வந்த வினையும் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் நகரப் போலீசைப் பற்றி அமெரிக்க நீதித்துறை 2011-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தக் கட்டணக் காவல் முறை ஊழலின் பெருநாடி என்றே சிலரால் வர்ணிக்கப்படுவதைக் குறிப்பிட்டது. பிறகு, யாருக்கு எந்த வெளிவேலை என்பதைப் போலீஸ்காரர்களே பேசி முடிக்காதபடி தனி அலுவலகம் அமைக்கப்பட்டது.

நம் ஊர் உதாரணங்கள்

மின்னழைப்பு வண்டி, உணவு விநியோகம்: ஊதியம் பெறும் வேலை என்பதால் முன் அனுமதி தேவை. மின்னழைப்பு வண்டிக்கு சாலைப் போக்குவரத்து இலாகாவின் பிஎஸ்வி உரிமமும் வேண்டும். கைப்பேசிச் செயலியில் பதிவு செய்துவிட்டதாலேயே இலாகா அனுமதித்துவிட்டதாக ஆகாது.

செம்பனை, காய்கறித் தோட்டம்: விவசாயமும் விதியில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளது. அப்பாவிடமிருந்து வந்த இரண்டு ஏக்கர் செம்பனையைச் சொத்தாக வைத்திருப்பது வேறு. ஆள் வைத்துக் குலை வெட்டி விற்கும் தொழிலை நடத்துவது வேறு. முன்னதைச் சொத்து அறிவிப்பில் காட்ட வேண்டும். பின்னதற்கு அனுமதியும் கேட்க வேண்டும்.

சிலம்பம், தற்காப்புக் கலை, டியூஷன்: கட்டணம் வாங்கிக் கற்பித்தால் அது ஊதிய வேலை. பணித்திறனைக் கெடுக்காத, பதவியோடு மோதாத வேலை என்பதால் விண்ணப்பத்தில் காரணம் காட்டுவது எளிது.

கோயில் நிர்வாகம்: தைப்பூச நாளில் தண்ணீர்ப் பந்தலில் நிற்பதை யாரும் வெளிவேலை என்று சொல்ல மாட்டார்கள். நிர்வாகக் குழுவில் பொறுப்பு ஏற்று, மண்டப வாடகை, குத்தகை போன்ற வரவு செலவுகளைக் கவனிப்பது வேறு விஷயம். இலாப நோக்கமற்ற அமைப்புக்கான பணிக்கும் விதி அனுமதியைத்தான் கேட்கிறது. குழு இரண்டாகப் பிரிந்து புகார் ஸ்டேஷனுக்குப் போனால், அந்தப் போலீஸ்காரரின் நிலை என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வட்டிக்குப் பணம் கொடுப்பது, கடன் வசூலுக்குத் துணை போவது: அரசாங்க ஊழியர் வட்டிக்குக் கடன் கொடுப்பதற்கு அதே விதிமுறைகளில் தனித் தடை உண்டு. கடன் கேட்டுப் போகும் ஆளோடு போலீஸ்காரர் ‘சும்மா கூட நின்றாலும்’ அதை மிரட்டலாகவே மற்றவர் எடுத்துக்கொள்வார்.

கேளிக்கை மையக் காவல், தனியார் துப்பறிதல்: தனியார் காவல் நிறுவனங்களும் துப்பறியும் நிறுவனங்களும் 1971-ஆம் ஆண்டு தனியார் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றே நடக்க வேண்டும். சோதனைக்குப் போக வேண்டிய இடத்திலேயே போலீஸ்காரர் சம்பளம் வாங்கினால், இலாகாவின் நலனோடு மோதல் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தோட்டத்துக் காவலும் இன்றைய குழப்பமும்

தோட்டக் காவலுக்கு நின்றவர்களையெல்லாம் ‘போலீஸ்’ என்று அழைக்கும் பழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்ட நிர்வாகி உட்பட மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஆயிரக்கணக்கானோர் சிறப்புக் காவலர்களாக எடுக்கப்பட்டனர்.

இன்று மூன்று வகையினரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரச மலேசியப் போலீஸ் படையினர் ஒரு வகை. 1967-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் கீழ் விமான நிலையம், ரயில்வே போன்ற நிறுவனங்களில் பணியாற்றும் துணைப் போலீசார் இன்னொரு வகை; அவர்களுக்குக் காவலே முழுநேர வேலை. உரிமம் பெற்ற கம்பெனியின் பாதுகாவலர்கள் மூன்றாம் வகை. கல்யாணத்துக்கோ கடைக்கோ ஆள் வேண்டுமென்றால் நேர் வழி அந்த மூன்றாம் வகைதான். தேர் ஊர்வலத்துக்குப் போக்குவரத்துக் காவல் தேவையென்றால் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் முறையாக விண்ணப்பிக்க வேண்டும். தெரிந்த போலீஸ்காரர் கையில் தனியாகப் பணம் கொடுப்பது முறையல்ல.

மீறினால் என்ன ஆகும்?

கட்டொழுங்குத் தண்டனைகள் எச்சரிக்கையில் தொடங்குகின்றன. அபராதம், ஊதியப் பறிப்பு, சம்பள உயர்வு ஒத்திவைப்பு, சம்பளக் குறைப்பு, பதவி இறக்கம் என ஏறி, பணிநீக்கத்தில் முடிகின்றன. ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் பணிநீக்கம் செய்யப்பட்டால் ஓய்வூதியமும் போய்விடும். மாதம் சில நூறு வெள்ளிக்காக இருபது ஆண்டுச் சேவையைப் பணயம் வைக்கிறோமா என்று குடும்பமே உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் இது.

சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தும் வாணிபத்தில் ஈடுபடும் அரசாங்க ஊழியருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது குற்றவியல் சட்டத்தின் 168-ஆவது பிரிவு. வெளிவேலை என்ற பெயரில் பதவியைப் பயன்படுத்திப் பணம் வாங்கினால், அது 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்துக்குள் போய்விடும். அங்கே தண்டனை 20 ஆண்டு வரை சிறை. கையூட்டு வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் அந்தச் சட்டத்தில் சிக்குவார். “பாதுகாப்புக்குத்தானே கொடுத்தேன்” என்று சொல்லும் கடைக்காரர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சம்பளப் பக்கம்

போலீஸ்காரர்கள் வெளிவேலை தேடுவது பேராசையால் மட்டும் என்று சொல்வது நியாயமாகாது. துன் முகமட் சைடின் அப்துல்லா தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005-இல் முன்வைத்த 125 பரிந்துரைகளில் போலீசாரின் சம்பளமும் குடியிருப்பும் இடம்பெற்றன. 2024 டிசம்பர் 1-இல் தொடங்கிய புதிய பொதுச் சேவை ஊதிய முறையில், கீழ்நிலை, நடுநிலை ஊழியர்களுக்கு இரண்டு கட்டங்களாக மொத்தம் 15 விழுக்காடு உயர்வு அறிவிக்கப்பட்டது: முதலில் 8, பிறகு 2026 ஜனவரியில் 7. குறைந்தபட்ச மொத்த மாத வருமானம் 2,000 வெள்ளிக்கு மேல் என்பது அதன் அடிப்படை. வீட்டுக் கடனும், காரும், தோட்டத்தை விட்டு வந்த பெற்றோரின் மருத்துவச் செலவும் உள்ள இளம் கான்ஸ்டபிளுக்கு இது போதுமா என்பது நியாயமான கேள்விதான். அந்தத் தேவையையும் விண்ணப்பத்தில் எழுதலாம். மறைத்துச் செய்யும்போதுதான், ‘யாருக்காவது தெரிந்துவிட்டால்’ என்ற பயத்தை வைத்து அவரை மடக்க மற்றவர்களுக்கு வழி கிடைக்கிறது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

போலீஸ் குடும்பங்களுக்கு: எழுத்தில் அனுமதி வாங்குங்கள், நகலை வீட்டில் வையுங்கள். வேலையோ முதலாளியோ மாறினால் மறுபடி கேளுங்கள். சீருடை, அதிகார அட்டை, துப்பாக்கி எதையும் வெளிவேலைக்குக் கொண்டுபோக வேண்டாம். தொழில் வருமானம் இருந்தால் வருமான வரிக்கு பிஇ பாரம் அல்ல, பி பாரம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பொதுமக்களுக்கு: பணி முடிந்து நேர்மையாக உழைக்கும் ஒருவரைப் பார்த்தவுடன் படம் எடுத்துப் பகிர வேண்டாம், அவரிடம் அனுமதி இருக்கலாம். ஆனால் பதவியைக் காட்டி மிரட்டுகிறார், பணம் கேட்கிறார் என்றால், புக்கிட் அமானின் நேர்மை, தர இணக்கத் துறையிடம் புகார் செய்யலாம். 2023 ஜூலை 1 முதல் செயல்படும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்தையும் நாடலாம். கையூட்டு என்றால் ஊழல் தடுப்பு ஆணையத்துக்குப் போக வேண்டும். நாள், நேரம், இடம், நடந்தது ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டால் புகாருக்கு வலு சேரும்.