குச்சிக்கு ஆறு துண்டு: கோடையில் ஒரு பழ விருந்து

ஏப்ரல் மாதத்தில் நம் பள்ளிகளில் விருந்தினர் வரவு கூடும். ஆண்டு விழா, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வழியனுப்பு விழா, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று வரிசையாக நிகழ்ச்சிகள் வரும். வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் பிஸ்கட்டும் கலர் பானமும்தான் கொடுக்கிறோம். அதற்குப் பதிலாக நம் மாணவர்களே கோத்த பழக்குச்சியைக் கொடுக்கலாம். அடுப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம். அந்த வேலைக்குள்ளேயே கணக்கும் அறிவியலும் தமிழும் இருக்கின்றன.

பழக்குச்சிக்கு எங்கள் ராயகிரி பொருத்தமான இடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் இது. சிவகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் மாந்தோப்புகள் உண்டு. புளியங்குடி எலுமிச்சைச் சந்தையை அறியாதவர் இல்லை. ஆனால் பழம் விளையும் ஊர் என்பதால் எல்லா வீட்டுக்கும் பழம் வந்துவிடுவதில்லை. தோப்பில் கூலிக்குக் காய் பறிப்பவர்களின் பிள்ளைகளும் நம் வகுப்பில்தான் இருக்கிறார்கள். சத்துணவில் முட்டை உண்டு. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் உண்டு. மற்ற பழங்களைப் பள்ளியில் காண்பது அரிது.

ஆகவே முதல் விதி இது: “நாளைக்கு ஆளுக்கொரு பழம் கொண்டு வாங்க” என்று சொல்ல வேண்டாம். கொண்டுவர முடியாத குழந்தை மறுநாள் வயிற்றுவலி என்று விடுப்பு எடுத்துவிடும். விழாச் செலவில் பிஸ்கட்டுக்கு ஒதுக்கும் தொகையிலேயே மொத்தமாகப் பழம் வாங்கிவிடலாம்.

ஏன் குச்சி?

நறுக்கிய பழத்தைத் தட்டில் வைத்தால் கை வேகமான பிள்ளைக்கு நிறையக் கிடைக்கும், கூச்சப்படும் பிள்ளைக்குக் கடைசித் துண்டுதான். குச்சியில் கோத்தால் பங்கு கண்ணுக்குத் தெரியும். தலைவருக்கும் ஆறு துண்டு, முதல் வகுப்புக் குழந்தைக்கும் ஆறு துண்டு.

அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்பதை உயர் தொடக்க வகுப்பில் கணக்காகவே கொடுக்கலாம். இரண்டரை சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் கன அளவு 15.6 கன செ.மீ. பழத்தில் பெரும்பகுதி நீர் என்பதால் ஒரு துண்டின் எடை ஏறத்தாழ 15 கிராம் இருக்கும். ஆறு துண்டுக்கு 90 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 100 கிராம் பழம் உண்ணச் சொல்கிறது. ஒரே குச்சியில் ஏறக்குறைய அது கிடைத்துவிடுகிறது.

முப்பது குழந்தைகளுக்கு 180 துண்டுகள் வேண்டும். ஒரு கிலோ மாம்பழத்தில் தோலும் கொட்டையும் போக எவ்வளவு மிஞ்சும்? மாணவர்களே நிறுத்துப் பார்த்து வாங்க வேண்டிய அளவைச் சொல்லட்டும்.

செய்முறை

கோடையில் தர்பூசணி, மாம்பழம், பப்பாளி, கொய்யா, அன்னாசி, வெள்ளரி போதும். ஜூன் மாதம் பள்ளி திறந்து குற்றாலச் சீசன் தொடங்கிவிட்டால் மங்குஸ்தான், ரம்புட்டான் சுளைகளையும் கொட்டை நீக்கிச் சேர்க்கலாம்.

1. தோல் உரிக்கப்போகும் பழத்தையும் நறுக்குமுன் நன்றாகக் கழுவ வேண்டும். தோலில் உள்ள அழுக்கைக் கத்தி சதைக்குள் கொண்டுபோய்விடும்.

2. பச்சைத் தென்னங்கீற்றில் எடுத்த ஈர்க்கைச் சுரண்டி, அடிப்பக்கத்தில் ஒரு சாண் நறுக்கி, பத்து நிமிடம் கொதிநீரில் போட்டுக் காயவையுங்கள். கடையில் வாங்கும் மூங்கில் குச்சியானால் கூர்முனையை வெட்டிவிடுங்கள்.

3. நறுக்குவது ஆசிரியரும் அம்மாக்களும் மட்டுமே. கொய்யா போன்ற கெட்டித் துண்டுகளில் முன்கூட்டியே துளையிட்டுக் கொடுங்கள்.

4. முதலிலும் கடைசியிலும் கெட்டியான கொய்யாவோ வெள்ளரியோ வரட்டும். நடுவில் உள்ள மென்மையான துண்டுகள் நழுவாது.

5. நறுக்கிய ஒரு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள். வெயில் காலத்தில் நறுக்கிய பழம் விரைவில் கெடும்.

உட்கார்ந்துதான் உண்ண வேண்டும். குச்சியோடு ஓடக் கூடாது. ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் கோத்து முடித்தபின் துண்டுகளை வாழை இலையில் உருவிவைத்து உண்ணட்டும். திராட்சை சேர்த்தால் நீளவாக்கில் பிளந்துவிடுங்கள். முழுதாக விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஏதேனும் பழம் ஒவ்வாத குழந்தை உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுவையுங்கள்.

பாடம் எங்கே?

எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் ‘அமைப்புகள்’ பாடத்துக்கு இதைவிட நல்ல துணைக்கருவி இல்லை. மாம்பழம், தர்பூசணி, மாம்பழம், தர்பூசணி என்று கோத்துக் காட்டி, அடுத்தது என்ன என்று கேளுங்கள். ஆறில் இரண்டு மாம்பழம் என்றால் மூன்றில் ஒரு பங்கு என்பதை நான்காம் வகுப்புக் குழந்தை விரலால் தொட்டே சொல்லும்.

அறிவியலுக்கு இரண்டு தட்டு போதும். இரண்டிலும் ஆப்பிள் அல்லது வாழைப்பழத் துண்டுகளை வைத்து, ஒன்றில் மட்டும் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். அரை மணி நேரத்தில் சாறு படாத துண்டுகள் பழுப்பாகும். நறுக்கிய இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனும் பழத்திலுள்ள நொதியும் சேர்ந்து நிறத்தை மாற்றுகின்றன. எலுமிச்சையின் அமிலம் அந்த நொதியின் வேலையை மட்டுப்படுத்துகிறது. உப்பைத் தூவிச் சிறிது நேரம் வைத்த தர்பூசணியில் நீர் ஊறி வழிவதைக் காட்டினால் சவ்வூடு பரவலும் புரிந்துவிடும்.

தமிழ் வகுப்பில் சொற்களைத் திரட்டலாம். பலாவுக்குச் சுளை, மாங்காய்க்குக் கீற்று, வெள்ளரிக்கு வில்லை, வாழைக்குச் சீப்பு, நுங்குக்குக் கண். எல்லாவற்றையும் ‘பீஸ்’ என்று சொல்லிப் பழகிய பிள்ளைகள், வீட்டில் பாட்டியிடம் கேட்டு இன்னும் சில சொற்களைக் கொண்டுவருவார்கள். கொண்டுவரச் சொல்வதற்கு இதுதான் ஏற்றது. இதற்குக் காசு வேண்டாம்.

விழா அன்று ஒரு வரிசையை மட்டும் மாற்றுங்கள். மேடையில் இருப்பவர்களுக்கு முன்பாக, கோத்த கைகளுக்கு முதல் குச்சியைக் கொடுங்கள். அடுத்த குச்சியை அந்தக் குழந்தையே விருந்தினர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.