மங்கள்யான்: 852 கிலோ எரிபொருளின் வரவு செலவு

திட்டச் செலவு 450 கோடி ரூபாய். 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியபோது, இஸ்ரோவின் செவ்வாய்க் கலமான மங்கள்யானின் எடை 1,337 கிலோ. அதில் எரிபொருள் மட்டும் 852 கிலோ. நூற்றுக்கு 64 பங்கு எரித்துத் தீர்ப்பதற்கே.

பூமியைச் சுற்றியபோது

ராக்கெட் விட்ட நீள்வட்டப் பாதை: அருகில் 248 கி.மீ., தொலைவில் 23,550 கி.மீ.
நவம்பர் 11 அன்று கூட்ட வேண்டிய வேகம்: நொடிக்கு 130 மீட்டர். கூடியது 35.
மறுநாள் கூடுதலாக ஒருமுறை எரித்துச் சேர்த்தது: 124.9 மீட்டர்.
நவம்பர் 16-ல் பாதையின் தொலைவு முனை: 1,92,874 கி.மீ.

செவ்வாயில், 2014 செப்டம்பர் 24

எஞ்சின் எரிந்த நேரம்: 1,388.67 நொடி.
எரிபொருள்: 249.5 கிலோ.
குறைத்த வேகம்: நொடிக்கு 1,099 மீட்டர்.
அமைந்த பாதை: 421.7 கி.மீ. முதல் 76,993.6 கி.மீ. வரை.
ஒரு சுற்று: 72 மணி 51 நிமிடம்.

இந்தப் பாதையின் அருகு முனையில் வேகம் நொடிக்குச் சுமார் 4.6 கி.மீ.; தொலைவு முனையில் வெறும் 220 மீட்டர். அதே 422 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்ற 3.35 கி.மீ. வேகம் போதும். ஆனால் அதற்காக இன்னும் 1,280 மீட்டர் குறைக்க வேண்டும். செவ்வாயின் ஈர்ப்பில் பிடிபடுவதற்கு ஆன செலவைவிட அது அதிகம். டேங்கில் அவ்வளவு இல்லை. நீள்வட்டம் சிக்கனத்தால் வந்தது.

கண்காணிப்பு

பெங்களூரு அருகே பயலாலுவில் 32 மீட்டர் ஆன்டெனா. துணைக்கு நாசாவின் ஆன்டெனாக்கள். சிக்னல் போய்த் திரும்பும் நேரத்திலிருந்து தூரமும், அலைவரிசை நகர்வதிலிருந்து வேகமும் கிடைக்கும். செவ்வாயில் பிடிபட்ட நாளில் சிக்னல் ஒருவழி போகவே சுமார் பன்னிரண்டரை நிமிடம். அந்த நேரத்தில் இங்கிருந்து ஓட்ட முடியாது. கட்டளைகளைச் சில நாள் முன்பே ஏற்றிவிட்டார்கள்.

பராமரிப்பு, 2017 ஜனவரி 17

பாதையை மாற்றாவிட்டால் செவ்வாயின் நிழலில் சிக்கும் நேரம்: 8 மணி வரை.
நிழலில் பேட்டரி தாங்குவது: 1 மணி 40 நிமிடம்.
எட்டு சிறு எஞ்சின்கள் எரிந்தது: 431 நொடி.
மாறிய வேகம்: நொடிக்கு 97.5 மீட்டர்.
செலவு 20 கிலோ. கையிருப்பு 13 கிலோ.

2022 ஏப்ரலில் நீண்ட நிழலுக்குப் பின் தொடர்பு அறுந்தது. எரிபொருள் தீர்ந்திருக்க வேண்டும் என்றது இஸ்ரோ. ஆறு மாதத்துக்குத் திட்டமிட்ட கலம் செவ்வாயைச் சுற்றியது ஏழரை ஆண்டு. அதில் ஐந்து ஆண்டுக்கு மேல், 2017-ல் செலவழித்த அந்த 20 கிலோவின் வரவு.