மங்கிப்போன சிவப்பு

கார் அச்சு மூட்டுகளுக்குப் போடும் கறுப்பு கிரீஸில் பெரும்பாலும் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற தூள் கலந்திருக்கும். அந்த வழவழப்பு ஏடுகளால் வருவது. ஓர் ஏட்டின் தடிமன் மூன்றே அணு: நடுவில் மாலிப்டினம், மேலும் கீழும் கந்தகம். ஏட்டுக்குள் பிணைப்பு கெட்டி. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே வான் டெர் வால்ஸ் விசை என்ற மெல்லிய ஈர்ப்பு மட்டுமே. அதனால் சீட்டுக்கட்டுபோல வழுக்குகிறது. செலோடேப் ஒட்டி இழுத்தால் உரிந்தும் வருகிறது.

ஒற்றை ஏடாக உரித்தால் இந்தக் குறைக்கடத்தியின் குணமே மாறிவிடுவது 2010-ல் தெரியவந்தது. கட்டியாக இருக்கும்போது ஒளிராத பொருள், ஒற்றை ஏடானதும் லேசர் பட்டுச் சிவப்பாக ஒளிர்கிறது. லேசரின் ஆற்றலில் எலக்ட்ரான் ஒன்று மேலே தாவுகிறது. அது விட்டுச்சென்ற காலியிடத்துக்குத் ‘துளை’ என்று பெயர். நேர்மின் துகள்போலவே அது நடமாடும். இரண்டும் மறுபடி சேரும்போது பிறப்பதே அந்தச் சிவப்பு.

இந்த ஒற்றை ஏட்டின்மேல் டங்ஸ்டன் டைசல்ஃபைடு ஏடு ஒன்றைப் படியவைத்தார்கள், பெர்க்லியில் ஃபெங் வாங் குழுவினர். இரண்டும் படிந்த இடத்தில் மட்டும் சிவப்பு மங்கிப்போனது. துளைக்கு வசதியான ஆற்றல் மட்டம் டங்ஸ்டன் ஏட்டில் இருப்பதால் அது அங்கே போய்விடுகிறது. எலக்ட்ரான் இங்கேயே தங்குகிறது.

எவ்வளவு வேகத்தில்? மாலிப்டினம் ஏடு மட்டும் உறிஞ்சக்கூடிய நிறத்தில் ஒரு லேசர்த் துடிப்பு. பின்னாலேயே டங்ஸ்டன் ஏட்டைச் சோதிக்க இன்னொன்று. 50 ஃபெம்டோ நொடிக்குள் துளை வந்து சேர்ந்திருந்தது என்று 2014-ல் அறிவித்தார்கள். அந்த நேரத்தில் ஒளியே 15 மைக்ரான்தான் போகும்; ஒரு தலைமுடியின் குறுக்களவைக்கூடத் தாண்டாது.

வேதிப் பிணைப்பே இல்லாத இரண்டு ஏடுகளுக்கு நடுவே இந்தப் பாய்ச்சல்! ஒன்றைச் சற்றுத் திருப்பி வைத்தால் இரு படிகங்களின் திசைகளும் பொருந்தாமல் வேகம் குறையவேண்டும். பல கோணங்களில் சோதித்தும் வேகம் அப்படியே இருந்தது. இரு ஏடுகளிலும் பரவிய இடைநிலைகள் வழியாக, அணுக்களின் அதிர்வு கைகொடுக்க மின்னூட்டம் கடக்கிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு இதுவே இந்தத் துறையின் மிக அழகான புதிர்.

பிரிந்த சோடி சீக்கிரம் சேர்ந்துவிடுவதும் இல்லை. இதே குடும்பத்தின் செலினைடு ஏடுகளில் அது 1.8 நானோ நொடி வரை வாழ்ந்ததை 2015-ல் அளந்தார்கள். சூரிய மின்கலத்துக்கு இந்த அவகாசம் பெரிய வரம். ஆனால் ஏடுகள் சுத்தமாகப் படியவேண்டும். நடுவே ஒரு காற்றுக்குமிழ் சிக்கினாலும் போதும், அந்தப் புள்ளியில் சிவப்பு மங்காமல் நிற்கும்.