தார்ச் சாலையில் திமிறும் ஜீப்

போடிநாயக்கனூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா ஓட்டிய மஹிந்திரா எம்எம் 540 ஜீப், 1990-களின் தொடக்கத்தில் வாங்கியது, இப்போது இவர் கைக்கு வந்திருக்கிறது. கடைக்கும் அதுதான், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அதுதான், ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறவும் அதுதான். “தோட்டத்து மண்பாதையில் ஃபோர் வீல் போட்டு ஏறும்போது ஒரு குறையும் இல்லை. அப்படியே தார்ச் சாலைக்கு வந்து வளைத்தால் வண்டி திமிறுகிறது, ஸ்டியரிங் இறுகுகிறது, சின்ன கியர் ராடை இழுத்தால் வர மறுக்கிறது. ட்ரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?” என்று கேட்கிறார்.

மாற்ற வேண்டாம். வண்டி ஓட்டுநரிடம் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு பைசாகூடச் செலவில்லை.

இந்த ஜீப்பின் பிறப்பை ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். 1940-இல் அமெரிக்க ராணுவம் கேட்டதற்காக அவசரமாக வரையப்பட்ட வண்டி இது. போர் முடிவதற்குள் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து அனுப்பின. 1947-இல் மும்பையில் மஹிந்திரா அதே வில்லிஸ் வண்டியைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு வந்த சிஜே-3பி, அதற்கும் பிறகு வந்த எம்எம் 540 எல்லாம் அந்த வம்சம்தான். சேற்றிலும் மணலிலும் ஓடுவதற்கென்று பிறந்த வண்டி. தார்ச் சாலையில் தினமும் ஓடும் என்று அதை வரைந்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். உங்கள் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

டிஃபரன்ஷியல் எதற்கு என்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு அது எத்தனை வேண்டும் என்று கேட்டால் பலர் தயங்குவார்கள். எங்கள் ஊர்க் களத்தில் சூடடிக்கும்போது நான்கைந்து மாடுகளை வரிசையாகப் பிணைத்து வட்டமாக ஓட்டுவார்கள். நடுவில் இருக்கும் மாடு நின்ற இடத்திலேயே திரும்பும். ஓரத்து மாடு எட்டி எட்டி நடக்கும். அதனால் வயதான மாட்டை உள்ளேயும் இளங்காளையை வெளியேயும் கட்டுவார் தாத்தா. எல்லா மாடும் ஒரே அளவு அடிதான் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் பிணையல் அறும், அல்லது ஏதாவது ஒரு மாடு விழும்.

ஜீப் வளையும்போது நான்கு சக்கரங்களும் நான்கு வேறு வட்டங்களில் ஓடுகின்றன. இடது வலது வித்தியாசத்தை முன் அச்சில் ஒரு டிஃபரன்ஷியலும் பின் அச்சில் ஒன்றும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையேயும் வித்தியாசம் உண்டு. வளைவில் முன் சக்கரங்கள் எப்போதும் பெரிய வட்டத்தில்தான் போகும். அதைச் சமன் செய்யும் மூன்றாவது டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் கிடையாது. ஃபோர் வீல் போட்டவுடன் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் பல்லோடு பல்லாகப் பூட்டிவிடுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும்.

கணக்கில் போட்டுப் பார்த்தால் விஷயத்தின் அளவு தெரியும். சிஜே-3பி-யை எடுத்துக்கொள்வோம். அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 80 அங்குலம், அதாவது 2.03 மீட்டர். பின் அச்சின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போனால் முன் அச்சின் நடுப்பகுதி ஏறக்குறைய 5.4 மீட்டர் ஆரத்தில் போகும். ஒரு தெருமுனையில் கால்வட்டம் திரும்பி முடிப்பதற்குள் பின் அச்சு 7.85 மீட்டர் ஓடியிருக்கும், முன் அச்சு 8.48 மீட்டர். வித்தியாசம் 60 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 6.00-16 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.25 மீட்டர் என்பதால், முன் சக்கரம் கால் சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்ற வேண்டும். இதோடு முடியவில்லை. அந்த வண்டியின் அச்சு விகிதம் 5.38, சக்கரம் ஒருமுறை சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் 5.38 முறை சுற்ற வேண்டும். ஆக, ஒரே ஒரு திருப்பத்தில் முன் ஷாஃப்ட் பின் ஷாஃப்டைவிட ஒன்றரைச் சுற்று கூடுதலாகச் சுற்றத் துடிக்கிறது. பூட்டு அதற்கு இடம் கொடுப்பதில்லை. உங்கள் எம்எம் 540 இன்னும் நீளமான வண்டி. அங்கே துடிப்பும் கூடுதல்.

மண்ணில் இது வெளியே தெரியாது. டயர் லேசாக வழுக்கி, வித்தியாசத்தைத் தரையிலேயே கரைத்துவிடும். தார் டயரை வழுக்க விடாது. அப்போது அந்த ஒன்றரைச் சுற்றுக்கு ஷாஃப்டுகளிலும் யு-ஜாயிண்ட் கிராஸ்களிலும் கியர் பற்களிலும் முறுக்காக ஏறி உட்காருவதைத் தவிர வழியில்லை. அடுத்த வளைவும் அதே முறுக்கைக் கூட்டும், ஏனென்றால் இடம் திரும்பினாலும் வலம் திரும்பினாலும் முன் சக்கரத்துக்குத்தான் தூரம் அதிகம். கடைசியில் எங்கோ ஒரு டயர் ‘கிறீச்’ என்று தாவும்; வண்டி திமிறுவதாக நீங்கள் உணர்வது அதைத்தான். ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நகர வேண்டிய கியரின் பற்கள் இந்த அழுத்தத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருப்பதால்தான் ராடு வர மறுக்கிறது. அதைக் காலால் உதைத்து எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வளைவது ராடு மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் ஃபோர்க்கும்தான்.

வழி எளிது. வளைந்து வந்த அதே தடத்தில் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். ஏறிய முறுக்கு இறங்கும். அல்லது இடது பக்கச் சக்கரங்களைச் சாலையோர மண்ணில் இறக்கிக் கொஞ்சம் ஓட்டுங்கள். இரண்டு விரலால் இழுத்தாலே ராடு வரும். மண்பாதை முடிந்து தார் தொடங்கும் இடத்திலேயே ஃபோர் வீலை எடுத்துவிடும் பழக்கம் வந்துவிட்டால் இந்த வேலையும் மிச்சம். ராடு மாட்டிய நிலையில் மட்டும் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்காதீர்கள். தரையை விட்டு எழும்பிய சக்கரம், தேங்கிய முறுக்கை ஒரே நொடியில் விட்டுச் சடக்கென்று சுற்றும். அருகே கை இருந்தால் விரல் போய்விடும்.

நேர்ச்சாலையிலும் திமிறினால் டயர்களைப் பாருங்கள். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்று மாட்டியிருப்பார்கள். ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் போதும், ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு சக்கரம் மற்றதைவிட 6 சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்பது இந்த வண்டிக்கு ஆடம்பரம் இல்லை. இதைச் சரிபார்க்காமல் பட்டறையில் கியர் பெட்டியைப் பிரித்துப் போட்டு, குறையேதும் காணாமல், ஆனாலும் பில் போட்டு அனுப்பிய கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

இந்தச் சிக்கலை ஆரம்பத்திலேயே கண்டவர்கள் உண்டு. இங்கிலாந்தில் லேண்ட் ரோவரின் முதல் மாதிரியை ஒரு ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேல்தான் கட்டினார்கள். 1948-இல் அது விற்பனைக்கு வந்தபோது நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும்படி வைத்து, முன் அச்சு முந்திச் சுற்ற விரும்பினால் விட்டுக்கொடுக்கும் ஓர் அமைப்பையும் சேர்த்தார்கள். 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரில் மூன்றாவது டிஃபரன்ஷியலே வந்துவிட்டது. எனக்குப் பிடித்தது இந்தப் பெரிய நிறுவனங்களின் விடையைவிட, அதே 1948-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆர்தர் வார்ன் என்பவர் தந்த விடை. போர் முடிந்து மலிவாக விற்கப்பட்ட ஜீப்புகளை மக்கள் அன்றாடம் ஓட்டத் தொடங்கியிருந்த காலம். ஃபோர் வீல் எடுத்த பிறகும் முன் சக்கரங்கள் சுற்றச் சுற்ற உள் அச்சும் கிரவுன் வீலும் முன் ஷாஃப்டும் வீணாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. சக்கரத்தின் நடுவில் திருகினால் அச்சிலிருந்து விடுபடும் ஹப் ஒன்றைச் செய்து விற்றார் வார்ன். பழைய ஜீப்பைத் தினசரி வண்டியாக்கச் செய்த மாற்றங்களில் இதைவிடப் பொருத்தமானதை நான் அறியேன். வண்டியின் குணத்தை அது கெடுக்கவில்லை. வேண்டாத நேரத்தில் ஓய்வு மட்டும் கொடுத்தது.

உங்கள் வண்டியில் இந்த ஹப் இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் இலகுவாகும், முன் பகுதியின் இரைச்சலும் தேய்மானமும் குறையும். ஆனால் ஹப்பைத் திறந்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடக் கூடாது. சுற்றாத கியர்களின் மேல்பகுதிக்கு எண்ணெய் ஏறாது; ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை ஹப்பைப் பூட்டி, ட்ரான்ஸ்ஃபர் கேஸை டூ வீலிலேயே வைத்து, சில கிலோமீட்டர் ஓட்டினால் போதும்.

வேறு என்ன மாற்றலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் பிரேக். மிகப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் குழாய்ச் சுற்றுதான்; எங்கேயாவது ஒரு ரப்பர் கிழிந்தால் பெடல் தரையைத் தொடும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் டிஸ்க் பிரேக் போடுவதும் நல்ல செலவு. டிரம் தண்ணீரில் நனைந்தால் காயும்வரை பிடிக்காது. அடுத்தது ஸ்டியரிங்: கிங் பின் பேரிங், டை ராடு முனைகள், பட்டையின் புஷ்கள். இவற்றில் ஆட்டம் இருந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன் அச்சு முழுதும் உதறும். பலர் உடனே பவர் ஸ்டியரிங் வாங்க ஓடுகிறார்கள். தேய்ந்த புஷ்களோடு பவர் ஸ்டியரிங் போட்டால் உதறல் போகாது, கைக்குத் தெரிவதுதான் குறையும். அது இன்னும் ஆபத்து.

விளக்கு மங்கலாக இருந்தால் கூடுதல் விளக்கு வாங்குவதற்கு முன் ஒரு ரிலே போடுங்கள். பழைய வயரிங்கில் ஹெட்லைட்டுக்கான முழு மின்சாரமும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி வருவதால் பாதியிலேயே வலுவிழக்கிறது. காலையில் வெள்ளைப் புகை தள்ளி ஸ்டார்ட் ஆக மறுத்தால் “இன்ஜின் வேலை வந்துவிட்டது” என்பதை உடனே நம்ப வேண்டாம். உங்கள் வண்டியில் இருக்கும், பெஜோ உரிமத்தில் செய்த டீசல் இன்ஜினில் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் பாய்வதில்லை, பக்கத்தில் இருக்கும் சிறு அறைக்குள் பாய்கிறது. குளிர்ந்த அறையைச் சூடாக்க ஹீட்டர் பிளக் வேண்டும். போடிமெட்டுக் குளிரில் அதில் ஒன்று செத்தாலும் வண்டி முரண்டு பிடிக்கும்.

பெரிய டயர் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. படங்களில் பார்த்துவிட்டு மார்பளவு டயர் மாட்டி, பட்டையை உயர்த்தி நிறுத்துகிறார்கள். இழுவை குறைகிறது, பிரேக்கின் பிடி குறைகிறது, ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டுகிறது, ஷாஃப்டின் கோணம் கெட்டு கிராஸ் தேய்கிறது. கொழுக்குமலைப் பாதையில் சூரியநெல்லியிலிருந்து ஆட்களை ஏற்றிப் பிழைக்கும் ஜீப் ஓட்டுநர்களிடம் கேட்டுப் பாருங்கள். டயர் காற்று, பட்டை, பிரேக் என்றுதான் பேசுவார்கள். அந்த வண்டிகளில் சோறு இருக்கிறது. அலங்கரித்த வண்டிகளோ மழைக்காலத்தில் மலைப் புல்வெளியில் ஏறித் தடம் போடுகின்றன. அந்தத் தடத்தில் தண்ணீர் இறங்கி ஓடையாகி, பல ஆண்டு வளர்ந்த மண்ணைக் கரைத்துக்கொண்டு போகிறது. ஃபோர் வீல் இருப்பது பாதையில்லாத இடத்தில் பாதை போடுவதற்கான அனுமதி ஆகாது.

சட்டமும் கவனத்தில் இருக்கட்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்ற முடியாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இன்ஜினை மாற்றுவதென்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்கும்போது இதெல்லாம் கேள்வியாக வரும். தேய்ந்ததை அதே அளவில் புதிதாக்குவதில் எந்தச் சிக்கலும் இல்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சிஜே வரிசை ஜீப்புகளில் கைபிரேக் சக்கரத்தில் பிடிக்காது. ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஷாஃப்டின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன டிரம்மில் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் காற்றில் சுற்ற, தரையில் இருக்கும் மறு சக்கரம் உருளத் தொடங்கும். கைபிரேக் முழுதாக இழுத்திருந்தாலும் வண்டி ஜாக்கியை விட்டு நகரும். உங்கள் வண்டியில் எந்த வகை என்று அடியில் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் ஸ்டெப்னி மாற்ற நேர்ந்தால், ஜாக்கியை எடுப்பதற்கு முன்பே தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிடுங்கள்.