மின்னணு வெண்சுருட்டில் மின்னேற்ற அளவு ஏற்ற இறக்கம்

மின்னேற்ற அளவு ஏற்ற இறக்கம் என்பது, இ-சிகரெட் என்று பரவலாக அறியப்படும் மின்னணு வெண்சுருட்டை மின்னேற்றும்போது, அதன் திரையில் தோன்றும் விழுக்காடு அல்லது விளக்குகளின் எண்ணிக்கை சீராக உயராமல் முன்னும் பின்னுமாக மாறுவதைக் குறிக்கும். 60 விழுக்காடு காட்டிய கருவி சற்று நேரத்தில் 52 காட்டுவதும், மின்னேற்றியைக் கழற்றியவுடன் 100 என்பது 93 ஆகக் குறைவதும் இதற்கு எடுத்துக்காட்டுகள். பெரும்பாலான வேளைகளில் மின்கலத்தில் சேர்ந்த மின்னேற்றம் குறைவதில்லை. அதைப் பற்றிய கருவியின் கணிப்பே மாறுகிறது. ஆயினும் சில வகை ஏற்ற இறக்கங்கள் மின்கலப் பழுதின் அறிகுறிகளாக இருப்பதால், இரண்டையும் பிரித்தறிவது முதன்மையானது.

அளவு கணிக்கப்படும் முறை

குடத்து நீரைக் கோல் விட்டு அளப்பது போல மின்கலத்தின் உள்ளிருப்பை நேரடியாக அளக்க இயலாது. இக்கருவிகளில் பயன்படும் இலித்தியம் அயனி மின்கலம் முழுதாக நிரம்பிய நிலையில் 4.2 வோல்ட்டும், தீர்ந்த நிலையில் ஏறத்தாழ 3 வோல்ட்டும் கொண்டிருக்கும். எனவே முனைகளுக்கிடையிலான மின்னழுத்தத்தை அளந்து, அதிலிருந்து விழுக்காட்டை ஊகிப்பதே எளிய முறை. விலை குறைந்த கருவிகள் பெரும்பாலும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

கைப்பேசிகள் பலவற்றில் உள்ளே செல்லும் மின்னோட்டத்தையும் வெளியேறும் மின்னோட்டத்தையும் தொடர்ந்து எண்ணிக் கணக்கிடும் தனித் தொகுசுற்று உள்ளது. கைப்பேசித் திரையில் எண் பெரும்பாலும் ஒழுங்காக ஏறுவதற்கு இதுவே காரணம். அதே ஒழுங்கை மின்னணு வெண்சுருட்டிலும் எதிர்பார்ப்பது பொருந்தாது.

மின்னழுத்தத்தை நம்பும் முறையில் இரு குறைகள் உண்டு. முதலாவது, இலித்தியம் அயனி மின்கலத்தின் மின்னழுத்தம் நடுப்பகுதியில் மிக மெதுவாகவே மாறுகிறது. அங்கு 0.05 வோல்ட்டு வேறுபாடே பல விழுக்காடுகளாகத் தெரியும். இரண்டாவது குறை உள்தடையால் வருவது.

உள்தடையின் பங்கு

ஒவ்வொரு மின்கலத்துக்கும் சிறிதளவு உள்தடை உண்டு. மின்னோட்டம் உட்செல்லும்போது முனை மின்னழுத்தம் உண்மை நிலையைவிடக் கூடுதலாகவும், வெளியேறும்போது குறைவாகவும் தோன்றும். ஓய்வு நிலையில் 3.70 வோல்ட்டும் 0.05 ஓம் உள்தடையும் உள்ள மின்கலத்தை எடுத்துக்கொண்டால், 1 ஆம்பியரில் மின்னேற்றும்போது அது 3.75 வோல்ட்டு காட்டும். அந்நேரத்தில் பயனர் புகையை இழுத்தால், 1 ஓம் தடையுள்ள சூடேற்றும் கம்பிச்சுருள் 3.5 ஆம்பியருக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். மின்னேற்றி தரும் 1 ஆம்பியர் போக ஏறத்தாழ 2.6 ஆம்பியர் மின்கலத்திலிருந்தே வெளியேறும். முனை மின்னழுத்தம் 3.57 வோல்ட்டு அளவுக்கு இறங்கும். பல மின்கலங்களில் 3.75 வோல்ட்டு என்பது ஏறத்தாழப் பாதி நிரம்பிய நிலையையும், 3.57 வோல்ட்டு என்பது காலுக்கும் கீழான நிலையையும் குறிக்கும். சில நொடி இழுப்பில் உண்மையாகச் செலவாவது மிகச் சிறிதே. இழுப்பது நின்றதும் எண் மீண்டும் ஏறுவது இதனாலேயே.

மின்னேற்றியைக் கழற்றியவுடன் எண் குறைவதற்கும் விளக்கம் இதுவே. மின்னேற்றம் முதலில் மாறா மின்னோட்டத்திலும், முனை மின்னழுத்தம் 4.2 வோல்ட்டை எட்டிய பின் மாறா மின்னழுத்தத்திலும் நடைபெறுகிறது. இரண்டாம் கட்டத் தொடக்கத்தில் மின்கலம் இன்னும் முழுதாக நிரம்பியிராது. எளிய காட்டி அப்போதே 100 எனக் காட்டிவிடும். பழைய மின்கலங்களில் உள்தடை கூடிவிடுவதால் இத்தாவல்கள் பெரிதாகின்றன. 300 முதல் 500 மில்லியாம்பியர்-மணி வரையிலான சிறிய மின்கலங்களிலும் இவ்வாறே.

பிற காரணங்கள்

நீளமான அல்லது மெல்லிய மின்வடமும் ஆற்றல் குறைந்த மின்னேற்றியும் மின்னோட்டத்தை நிலையாகத் தருவதில்லை. பையில் சேரும் தூசியும், கசிந்த திரவத்தின் பிசுபிசுப்பும் இணைப்புத் துளையில் படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு ஏற்படும். நடைமுறையில் முதலில் பார்க்க வேண்டியது இதுவேயாயினும், பலர் மின்கலத்தையே குறைகூறுகின்றனர்.

நிரம்பியதும் நின்றுவிடும் மின்னேற்றம், மின்னழுத்தம் சற்று இறங்கியதும் மீண்டும் தொடங்கும்படி பல சுற்றுகள் அமைக்கப்பட்டுள்ளன. இணைப்பிலேயே விடப்பட்ட கருவி 100-க்கும் அதற்குச் சற்றுக் கீழுக்கும் இடையே ஊசலாடுவது பழுதன்று. இரு மின்கலங்கள் தொடராக இணைந்த கருவிகளில் அவற்றைச் சமப்படுத்தும் பணியின்போதும் எண் இறங்கலாம்.

பழுதின் அறிகுறிகள்

இழுக்காமல் வைத்திருக்கும்போதே எண் பலமுறை சரிதல், முழுதாகக் காட்டிய கருவி ஓரிரு இழுப்பில் அணைந்துபோதல், கையில் பிடிக்க இயலாத சூடு, உறை உப்புதல், இனிப்பு வாடை போன்ற கரைப்பான் மணம் ஆகியன உட்குறுக்குச்சுற்றையோ சிதைவையோ சுட்டக்கூடும். இத்தகைய கருவியை மின்னேற்றுவதை நிறுத்திவிட வேண்டும். உறைநிலைக்குக் கீழான குளிரில் மின்னேற்றினால் எதிர்மின்வாயில் இலித்தியம் உலோகமாகப் படிந்து குறுக்குச்சுற்றுக்கு வழிவகுக்கும்.

ஐக்கிய அமெரிக்காவின் தீயணைப்பு நிருவாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டு ஊடகங்களில் பதிவான 195 தீ, வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தது. அவற்றில் 133 காயங்கள் ஏற்பட்டன. 48 நிகழ்வுகள் மின்னேற்றும்போது நேர்ந்தவை. 2015-இல் அந்நாடு இக்கருவிகளை விமானத்தில் மின்னேற்றுவதையும், பயணிகள் ஒப்படைக்கும் பெட்டிகளில் வைப்பதையும் தடை செய்தது.

உப்பிய மின்கலத்தைத் துளைப்பதோ அழுத்துவதோ வீட்டுக் குப்பையில் இடுவதோ தீப்பற்றக் காரணமாகலாம். அதை எரியும் பொருள்களிலிருந்து விலக்கி வைத்து, மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பதே முறை.