உஷார்! பனகல் பார்க் சிக்னலில் மினுக்கும் சிவப்பு விளக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரீமேப் (இன்ஜின் மென்பொருள் மாற்றம்) போட்ட காரை ஈ.சி.ஆரில் நன்றாக மிதித்துவிட்டு, பதினொரு மணி வாக்கில் வெங்கட்நாராயணா சாலை வழியாகத் தி.நகருக்குள் நுழைகிறவர்களே, பனகல் பார்க் சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டைப் பாருங்கள். ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கி, ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் அணைகிறதா? ‘சென்சார் கோளாறு’ என்று அடுத்த சிக்னலுக்கு உருட்டாதீர்கள். ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள்.

சூடு ஏற ஏற ஆயில் நீர்த்துப்போகும். ஐடிலில் 700, 800 சுற்றில் பம்ப்பும் மெதுவாகத்தான் சுற்றும். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் விழும். க்ராங்க் பேரிங்கைக் காக்கும் மெல்லிய ஆயில் படலம் அறுந்து, உலோகத்தோடு உலோகம் உரசும். 3,000 சுற்றில் ஒளிந்திருந்த வியாதி சிக்னலில்தான் முகம் காட்டுகிறது.

“டெம்பரேச்சர் முள் நடுவிலேதானே நிற்கிறது?” என்பார்கள். அது கூலண்டின் சூடு, ஆயிலுடையது அல்ல. அதுவும் பல கார்களில் சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி கம்பெனியே அமைத்த முள். கூலண்ட் 95 டிகிரியில் சமர்த்தாக இருக்க, ஆயில் 130-ஐத் தொட்டிருக்கலாம். ரீமேப்பில் பூஸ்ட் கூடுகிறது, பிஸ்டன் கூடுதலாகக் காய்கிறது. டர்போ இன்ஜின்கள் பலவற்றில் பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீய்ச்சித்தான் அதைக் குளிர்விக்கிறார்கள். அந்தச் சூடு முழுக்க ஆயில் தலையில். கூலர் மட்டும் கம்பெனி கொடுத்த அதே சைஸ்!

ஆயில் சூடு 90 முதல் 110 டிகிரி வரை நிம்மதி. 120 தாண்டினால் காலை எடுங்கள். 130-லேயே நின்றால் அந்த ஆயிலை நம்பி இன்னொரு ஞாயிறு போகாதீர்கள். 10 டிகிரி கூடினால் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். டப்பாவில் 5W-30 என்று இருக்கிறதே, அந்த 30 என்பது 100 டிகிரியில் அளந்த தடிமன். 130-ல் அது கிட்டத்தட்ட ரசத் தெளிவு. அதற்காக 20W-50 ஊற்றச் சொல்லும் மெக்கானிக்கிடமும் உஷார். குளிர்ந்த இன்ஜினில் அந்தக் கெட்டி ஆயில் மேலே ஏறவே நேரமாகும். மேனுவல் அனுமதித்தால் 5W-40 போதும்.

ஆயில் கூலர் மாட்டுவது நல்லதுதான், ஆனால் முன்பக்கக் கூலருக்குக் காற்று வேண்டும். உஸ்மான் சாலையில் ஊர்ந்தால் ஏது காற்று? தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டினால் வம்பு தலைகீழாகும். ஜி.என். செட்டி சாலையிலிருந்து பாண்டி பஜாருக்குப் போய்வரும் ஓட்டத்தில் ஆயில் 80-ஐத் தொடாது. கசிந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் அதிலேயே தங்கும். விலை மலிவென்று புதுப்பேட்டையில் பழைய கூலர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது சீஸ் ஆன இன்ஜினிலிருந்து கழற்றியதாக இருந்தால், உள் மடிப்புகளில் இரும்புத் துகள் இருக்கும். எப்படிக் கழுவினாலும் முழுக்கப் போகாது. நேரே உங்கள் பேரிங்குக்கு வரும்.

சிவப்பு விளக்கு எரியாதபோது, மிதித்த கையோடு வண்டியை அணைப்பதும் ஆபத்து. டர்போ தண்டில் தேங்கும் ஆயில் கரியாகிவிடும். பாண்டி பஜார் பலமாடிப் பார்க்கிங்கில் விடுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அங்கே போய்ச் சேருவதற்குள் டர்போ ஆறிவிடும். தி.நகர் நெரிசலால் கண்ட ஒரே லாபம்! மிதித்துவிட்டு வரும் நாளில் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியை மட்டும் அணைத்துவையுங்கள்.

ஆயிலுக்கென்று தனி கேஜ் மாட்டி, 120-ல் அலாரம் வையுங்கள். அதுவரை, வண்டியை எடுக்கும் முன் சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டி, மூக்கருகே பெட்ரோல் வாடையும் அடித்தால், ஆயில் மாற்றாமல் ஈ.சி.ஆர். பக்கமே போகாதீர்கள்.