இடுப்பு வலி: ஓய்வா, மாத்திரையா, பயிற்சியா?

நடவு, களையெடுப்பு என்று மணிக்கணக்கில் குனிந்து வேலை செய்பவர்களுக்கு இடுப்பு வலி வருவது சகஜம். வலி வந்ததும் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளே வயலில் இறங்குகிறார்கள். கூலி போய்விடுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் மாத்திரை வலியை மறைக்குமே தவிர, காரணத்தை நீக்காது.

ஓய்வு: பெரும்பாலான இடுப்பு வலி சில வாரங்களில் தானாகவே குறையும். ஓரிரு நாட்களுக்கு மேல் படுத்தே இருந்தால் தசைகள் வலுவிழக்கும். பாரம் தூக்காமல் நடமாடுவதே நல்லது.

ஒத்தடம்: வெந்நீர் ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம் கொடுத்தால் தசை இறுக்கம் தளரும். செலவும் இல்லை.

வலி மாத்திரை: டைக்ளோஃபெனாக் போன்றவை சில நாட்களுக்கு உதவும். அடிக்கடி போட்டால் வயிற்றுப்புண் வரலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

பெல்ட், பயிற்சி: நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது, இடுப்பு பெல்ட்டை வழக்கமாகப் பயன்படுத்தச் சொல்லவில்லை. அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சை பெறலாம். தமிழகத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே இச்சிகிச்சை கிடைக்கிறது.

வலி மீண்டும் வராமல் இருக்க, வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டும்:

• வரிசை நடவு செய்த வயலில் கோனோவீடர் கொண்டு நின்றபடியே களையெடுக்கலாம். கைப்பிடியை உங்கள் உயரத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.
• 16 லிட்டர் தெளிப்பானில் நீர் மட்டுமே 16 கிலோ. வலி உள்ளவர்கள் பாதியளவு நிரப்பித் தெளிக்கலாம். மருந்தையும் அதே விகிதத்தில் குறைத்துக் கலக்க வேண்டும்.
• 45 கிலோ யூரியா மூட்டையை இருவராகத் தூக்குங்கள். முழங்காலை மடக்கி, மூட்டையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள்.
• அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து நின்று, இடுப்பைப் பின்பக்கம் மெதுவாக வளையுங்கள்.

கால் பலவீனம், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சலுடன் வலி வந்தாலும், கீழே விழுந்தபின் வலி வந்தாலும் தாமதிக்க வேண்டாம்.